நடுவிலேயே நின்ற முள்

முள் அசைந்தது. ஆழியாறு அணையை விட்டு மலையேறத் தொடங்கி, மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் வண்டியை ஒடித்துத் திருப்பும்போது, வேகம் காட்டுகிற பெரிய வட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்ன வட்டத்தில், இன்ஜின் தண்ணீரின் சூட்டைக் காட்டும் வெள்ளை முள் நடுவை விட்டு ஒரு நூல் மேலே போனது. பொன்னுரங்கத்துக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சிலிர்ப்பு கிளம்பித் தோள்பட்டை வரை வந்தது. பதினொரு வருஷமாக அசையாத முள். சித்திரை வெயிலில் பழனிக்குப் போனபோதும் நடு, கொட்டும் மழையில் ஊட்டிக்கு ஏறியபோதும் நடு, ஒருதரம் வாளையார் பக்கத்தில் விசிறி நின்றுபோய் பானெட்டுக்கு அடியில் உலைப்பானை கொதிக்கிற சத்தம் வந்தபோதும்கூட அது நடுவிலேயே, கையைக் கட்டிக்கொண்டு, எல்லாம் சுமுகம் என்று நின்றது. தான் வேலை பார்த்த மில் நிர்வாகத்தின் ஆண்டறிக்கையை அப்படியே உருட்டி ஒரு முள்ளாகச் செய்து மாட்டிவிட்டார்கள் என்று அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. உக்கடத்து மெக்கானிக் கரீம் டீயை ஊதிக்கொண்டே சொன்னபிறகுதான் தெரிந்தது. "அதைக் கம்பெனியிலயே அப்படித்தாண்ணே செஞ்சு அனுப்பறாங்க. எழுவத்தஞ்சு டிகிரியிலருந்து நூத்தஞ்சு வரைக்கும் முள்ளு நடுவுலயே நிக்கும். அது ஆடுச்சுன்னா வண்டி வாங்குனவன் பயந்துபோயி சர்வீஸுக்கு வந்து நிப்பான். அவனுக்கும் நிம்மதி இல்ல, இவங்களுக்கும் நிம்மதி இல்ல." அந்த நிம்மதி என்ற சொல் பொன்னுரங்கத்தின் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை. யாருடைய நிம்மதிக்காக யாருடைய முள்ளைக் கட்டிப்போடுகிறான் இந்தக் கம்பெனிக்காரன்? நாற்பது வருஷம் சங்கத்துக்காக மில் வாசலில் நின்று கத்தியவனை, தன் சொந்த வண்டிக்குள்ளேயே, மூக்குக்கு முன்னாலேயே, பதினொரு வருஷம் ஏமாற்றியிருக்கிறது ஒரு பிளாஸ்டிக் முள். இப்போது அது அசைகிறது. அசைய வைத்தது யார்? எட்டாம் வகுப்போடு நின்ற இந்தப் பொன்னுரங்கம். மற்றதெல்லாம் துண்டறிக்கையில் படித்ததுதான், படித்ததில் பாதி தானே எழுதியது. அவன் கையால் அசைகிறது.

கரீம் வேறு வழி சொன்னான். தனியாக ஒரு மீட்டர் விற்கிறது, எண்ணிலேயே டிகிரி காட்டும், ரேடியேட்டர் குழாயை நறுக்கி நடுவில் ஒரு இணைப்பு வைத்து ஒயர் இழுத்தால் டேஷ்போர்டுக்குக் கீழே பச்சையாக எரிந்துகொண்டிருக்கும், கம்பெனி மீட்டரைத் தொடவே வேண்டியதில்லை. "அது பாட்டுக்கு நடுவுல நிக்கட்டும்ணே, நீங்க உங்க மீட்டரப் பாத்துக்குங்க." பொன்னுரங்கம் அவனை முறைத்த முறைப்பில் கரீம் டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். அது பாட்டுக்கு நிற்கட்டுமா? பொய் சொல்கிறவன் நாற்காலியில் உட்கார்ந்து பொய் சொல்லிக்கொண்டே இருக்கட்டும், நாம் மூலையில் ஒரு முக்காலி போட்டு நமக்கு மட்டும் உண்மை சொல்லிக்கொள்ளலாம் என்கிறான். இதைத்தானே மில்லில் செய்தார்கள். ஒரு கொடி இருந்த வாசலில் ஏழு கொடிக்கம்பம் நட்டார்கள், ஒவ்வொருவனும் தன் சங்கத்துக்குத் தனி மீட்டர் மாட்டினான், ஒவ்வொன்றும் ஒரு எண் காட்டியது, நிர்வாகம் நடுவில் முள்ளை நிறுத்திவிட்டுச் சிரித்தது. வேண்டாம். நாற்காலியில் இருப்பவனையே உண்மை பேச வைக்க வேண்டும். அதுதான் போராட்டம், மற்றது வியாபாரம். "அண்ணே, நான் மீட்டரப் பத்திப் பேசறேன்," என்றான் கரீம். "நானும் மீட்டரப் பத்தித்தான் பேசறேன்." பிறகு ஒரு வாரம் வீட்டுக் கூடத்தில் டேஷ்போர்டின் பாகங்கள் பரப்பிக் கிடந்தன. மீட்டரின் முதுகைத் திறந்து, முள்ளை நடுவில் பிடித்து வைக்கிற மிளகளவுப் பாகத்தைக் கண்டுபிடித்துப் பற்றவைப்புக் கோலால் கழற்றி எறிந்து, அந்த இடத்தில் மின்சாரத்தைக் குறைத்து விடுகிற வேறு ரெசிஸ்டர் வைத்தார். ஒன்று போதவில்லை, இன்னொன்று, பிறகு மூன்றாவது. சூட்டைத் தொட்டு மீட்டருக்குச் சொல்கிற சென்சாரை இன்ஜினிலிருந்து கழற்றி வந்து அடுப்பில் வாணலித் தண்ணீரில் தொங்கவிட்டு, பள்ளிக்கூட ஆய்வுக்கூடச் சாமான் விற்கிற கடையில் வாங்கிய கண்ணாடித் தெர்மாமீட்டரையும் கூடவே முக்கி, சூடு ஏற ஏற முள் எங்கே நிற்கிறது என்று மீட்டர் கண்ணாடியின் மேல் வெள்ளைப் பெயின்டில் கோடு போட்டார். தண்ணீர் கொதித்த இடத்தில் மனைவி தெய்வானையின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினார். "என் வாணலியும் போச்சு, பொட்டும் போச்சு," என்றாள் அவள். இதோ அந்தச் சிவப்புப் பொட்டு இருக்கிறது. முள் அதைப் பார்த்து ஏறுகிறது. ஏறட்டும். பொய்யான நிம்மதியை விட இது எவ்வளவோ மேல்.

தெய்வானை பக்கத்து இருக்கையில் கால்களைத் தூக்கிச் சம்மணமிட்டுக்கொள்ளப் பார்க்கிறாள், பெல்ட் விடவில்லை. மேட்டில் ஏறும்போது ஹீட்டரைத் திறந்துவிட்டால் இன்ஜினின் சூட்டில் ஒரு பங்கு வண்டிக்குள் வந்துவிடும், இன்ஜினுக்குப் பாரம் குறையும் என்பது பழைய டிரைவர்களின் வழக்கம். அதனால் அவள் பாதத்துக்கு நேராக அனல் வீசிக்கொண்டிருக்கிறது. "ஏனுங்க, மலைக்குப் போறமா, இட்லிக்குண்டாவுக்குள்ள போறமா? என் காலு ரெண்டும் வெந்துபோச்சு." "வெய்யக்காலத்துல அனலு பழகுனதுதானே." "நான் எதுக்குப் பழகோணும்? கூட்டத்துல பேசறது நீங்க, வேகறது நானா?" என்ன வாய். இந்த வாய்தான் அவர் சஸ்பென்ஷனில் இருந்த மாதங்களில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே வீட்டு வாசலில் நின்ற கடன்காரர்களைத் திருப்பி அனுப்பியது. கூட்டம். ஐந்து மணிக்கு வால்பாறையில் கூட்டம். எஸ்டேட் சங்கத்து அந்தோணிராஜ் போன வாரம் போன் செய்து, தோழர் நீங்க வந்து பேசணும், பழைய ஆளுங்க குரலு இப்பத்தப் பசங்க காதுல விழணும் என்றபோது பொன்னுரங்கம் எழுந்து நின்றுவிட்டார், போனில் பேசுகிறோம் என்பதே மறந்துபோய். ஆறு வருஷமாக எந்தப் போராட்ட மேடைக்கும் யாரும் கூப்பிடவில்லை. இரங்கல் கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள், மூன்றாவது வரிசையில் உட்கார்த்தி, இரண்டு வார்த்தை பேசுங்க என்பார்கள், இரண்டாவது வார்த்தையில் மைக்கை வாங்கிக்கொள்வார்கள். பொள்ளாச்சிக்கு ஜீப் அனுப்பட்டுங்களா என்று அந்தோணிராஜ் கேட்டான். வேண்டாம், நானே ஓட்டிக்கொண்டு வருவேன் என்று சொல்லிவிட்டார். சொல்லாமல் எப்படி? ஜீப்பின் பின்சீட்டில் மூட்டையைப்போல் இறக்கப்படுகிற கிழவன் பேசுவதை எவன் கேட்பான்? தானே ஓட்டி வந்து, கதவைப் படீரென்று சாத்திவிட்டு, மேடைக்கு நடக்க வேண்டும். எடுத்த எடுப்பில் இந்த முள்ளின் கதையைத்தான் சொல்லப்போகிறார். தோழர்களே, என் வண்டியில் ஒரு முள் இருந்தது. வண்டிக்குள் இனிப்பாக ஒரு வாசம் வருகிறது. தெய்வானை மடியில் வைத்திருக்கும் போசிப் பாத்திரத்தில் கச்சாயம், வெல்லப்பாகு வாசம், அந்தோணிராஜ் வீட்டுப் பிள்ளைகளுக்காம். கூட்டத்துக்குப் போகிறவள் பலகாரத்தோடு போகிறாள். வண்டி நடுவழியில் நின்றுவிட்டால்? சூட்டுல இன்ஜினுக்கு மேல மூடியிருக்கிற ஹெட் வளைஞ்சுதுன்னா இந்த வண்டிய எடைக்குத்தான் போடணும் என்று கரீம் சொல்லியிருக்கிறான். எடைக்குப் போட்டால் இன்னொன்று வாங்க இந்த ஜென்மத்தில் வழி இல்லை. நடுரோட்டில் பானெட்டைத் திறந்துபோட்டு நிற்பதும், அந்தோணிராஜின் ஜீப் வந்து தோழரே ஏறுங்க என்று கைகொடுப்பதும், அதை நினைக்கக்கூட வேண்டாம்.

வளைவு, மேடு, வளைவு. பாறைச் சரிவில் ஒரு வரையாடு நின்று இந்தப் பக்கம் பார்த்தது, தெய்வானை அங்க பாருங்க என்றாள், பார்க்கவில்லை, முள்ளைப் பார்த்தார். தொண்ணூறுக் கோடு தாண்டியாகிவிட்டது. தொண்ணூற்றைந்து. எதிரே ஒரு தேயிலை லாரி இறங்கி வர, ஓரம் கட்டி நிற்க வேண்டியதாகி, நின்று எடுத்ததில் இன்னும் ஒரு நூல். நெஞ்சு அடிக்கிறது, ஆனால் இது பயம் மட்டும் இல்லை, வேலைநிறுத்தத்தன்று மில் வாசலில் முதல் ஷிப்டு வெளியே வரப்போகிற நேரத்து அடிப்பு இது, எல்லாரும் வருவார்களா, உள்ளேயே நின்றுவிடுவார்களா என்று தெரியாத அந்தக் கால் மணி நேரத்தின் அடிப்பு. எத்தனை வருஷம் ஆகிவிட்டது இதை உணர்ந்து. மில் சுவரிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்த அன்றைக்கு இப்படித்தான் அடித்தது. ஸ்பின்னிங் கூடத்தில் நூல் நூற்கிற ரிங் ஃபிரேம்களுக்கு நடுவே நின்றால் பனியன் முதுகோடு ஒட்டிக்கொள்ளும், பெண்கள் மயங்கி விழுவார்கள், லேபர் ஆபீசரோ சுவரைக் காட்டுவார், சுவரில் தெர்மாமீட்டர், எப்போது பார்த்தாலும் சுகமான எண். பொன்னுரங்கத்துக்கு அப்போது மீசை கறுப்பு. ஸ்டூல் போட்டு ஏறி, திருப்புளியால் அதைக் கழற்றி, தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மெஷின்களுக்கு நடுவே நடந்தார். ஒவ்வொரு மெஷினாக எண்ணை உரக்கப் படித்தார், பஞ்சுத் தூசு மூடிய முகங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தன. கம்பெனி சொத்தைச் சேதப்படுத்தியதாகக் குற்றச்சாட்டு. அதைப் பற்றி அவர் எழுதிய துண்டறிக்கை ஐந்நூறு பிரதி, மை காய்வதற்குள் தீர்ந்தது. அதற்கு என்ன தலைப்பு வைத்தார்? நாக்கு நுனியில் இருக்கிறது, வரவில்லை. சுவரில் இருந்த பொய்யை, இல்லை, பொய் என்ற சொல் அதில் இருந்ததா? முள் பொட்டைத் தொட்டது. தொட்டேவிட்டது. நிறுத்தலாம். நிறுத்தினால் மணி என்ன ஆகும், ஆற அரை மணி நேரம், கூட்டம் தொடங்கி யாராவது ஒரு பயல் மைக்கைப் பிடித்துக்கொள்வான். அடுத்த வளைவில் நிழல் இருக்கிறது. அடுத்த வளைவு வரை போகலாம். அடுத்த வளைவு வந்தபோது முள் இறங்கியது.

இறங்கியது. பொட்டை விட்டு நகர்ந்து, தொண்ணூற்றைந்தைத் தாண்டி, தொண்ணூறு, எண்பத்தைந்து, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளைப்போல் மளமளவென்று கீழே. பொன்னுரங்கம் ஸ்டீயரிங்கைத் தட்டினார். ஹீட்டர் வேலை செய்கிறது, மலைக்காற்று வேலை செய்கிறது, நான் வைத்த ரெசிஸ்டர் வேலை செய்கிறது. ஏறினால் ஏறினேன் என்று சொல்கிறது, இறங்கினால் இறங்கினேன் என்று சொல்கிறது, இதைத்தானே கேட்டோம், வேறென்ன கேட்டோம். கரீமுக்கு வால்பாறையிலிருந்தே போன் போட வேண்டும். டேய் தம்பி, உன் பச்சை விளக்கு மீட்டரை நீயே வைத்துக்கொள். வண்டி கொஞ்சம் இழுக்க மறுக்கிறதோ, மேடு அப்படி, இரண்டாவது கியர். இன்ஜினில் லேசாக ஒரு கிடுகிடு, பழைய வண்டி. எழுபத்தைந்து. தெய்வானை கால்களைக் கீழே நீட்டி, புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, கண்ணை மூடிச் சாய்ந்தாள். "இப்பத்தான் சித்த நிம்மதியா இருக்குது. சில்லுனு வருது காத்து." பாவம், வெந்துதான் போயிருந்தாள். நிம்மதியாக இருக்கட்டும். நிம்மதி. அந்தச் சொல் மறுபடியும் வந்து காதுக்குள் உட்கார்ந்தது. கரீம் சொன்ன நிம்மதி. சில்லென்று எங்கே வருகிறது? "ஏம்புள்ள, ஹீட்டர நிறுத்துனயா?" "நான் எங்க தொட்டேன், தொட்டாத்தான் சாமியாடுவீங்களே." திருகு கடைசி வரை சூட்டுப் பக்கமே திரும்பியிருந்தது. திரும்பியே இருக்கிறது, காற்று சில்லென்று வருகிறது. ஹீட்டருக்குள் ஓடுவது இன்ஜின் தண்ணீர். அந்தத் தண்ணீர் எழுபத்தைந்தில் இருந்தாலும் காற்று கொதிக்கக் கொதிக்க வர வேண்டும். வரவில்லை. அப்படியானால் அங்கே தண்ணீர் இல்லை. அப்படியானால் சென்சார் தொடுவது தண்ணீரை இல்லை. அது வெறும் குழிக்குள் நிற்கிறது, தன்னைச் சுற்றி இருக்கிற காற்றைத் தொட்டுப் பார்த்து, தான் தொட்டதை ஒளிக்காமல் முள்ளுக்குச் சொல்கிறது, முள் ஒளிக்காமல் எனக்குச் சொல்கிறது, ஒருவரும் பொய் சொல்லவில்லை, இன்ஜின் வெந்துகொண்டிருக்கிறது. அந்த இனிப்பு வாசம் கச்சாயம் இல்லை, இன்ஜின் தண்ணீரில் கலந்திருக்கிற கூலன்ட். துண்டறிக்கையின் தலைப்பு அப்போதுதான், கேட்காமலேயே, பெரிய எழுத்தில் வந்து நின்றது: தெர்மாமீட்டர் எங்கே நிற்கிறது? மில்லின் தெர்மாமீட்டரும் பொய் சொல்லவில்லை. குளிர்காற்றுக் குழாய்க்கு நேர் கீழே மாட்டியிருந்தார்கள், அது தனக்கு மேல் விழுந்த காற்றைச் சொன்னது. அவரே எழுதியது, அவரே மறந்தது. பொன்னுரங்கம் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார், வண்டியைப் பாறைச் சுவர் ஓரமாக உருள விட்டுக் கைபிரேக்கை இழுத்தார். தெய்வானை கண்ணைத் திறந்தாள். பானெட்டின் இடுக்கிலிருந்து மெல்லியதாக, அவசரமே இல்லாமல், ஆவி எழுந்தது.

திறந்து பார்த்தால் காரணம் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தது. வாணலிச் சோதனைக்காகச் சென்சாரைக் கழற்றுவதற்கு ரேடியேட்டரின் மேல் குழாயை இழுத்து விலக்கினார் அல்லவா, திரும்பச் சொருகியபோது அதன் கவ்வியை விரலால் திருகியதோடு மறந்துவிட்டார், முள் அசைகிறதா என்று பார்க்க ஓடின அவசரம். உண்மையைக் கண்டுபிடிக்கத் திறந்த இடத்தின் வழியாகவே தண்ணீர் போயிருக்கிறது. கரீமின் பச்சை மீட்டராக இருந்தாலும் இதே வறண்ட குழாயைத்தான் தொட்டிருக்கும், இதே பொய்யில்லாத எண்ணைத்தான் காட்டியிருக்கும், அதில் ஒரு சின்ன ஆறுதல், அதையும் சொல்லத்தான் வேண்டும் அவனிடம். ரேடியேட்டர் மூடியை இப்போது தொடக் கூடாது, ஆறட்டும். ஆறுமா, எழும்புமா, ஹெட் வளைந்துவிட்டதா, நேரத்தில் அணைத்துவிட்டோமா? இன்ஜின் டிக், டிக் என்று சுருங்கிக்கொண்டிருந்தது. அப்போது பார்த்து அந்தோணிராஜின் போன். "தோழர், எங்க வர்றீங்க? பந்தல்ல ஆளு சேர ஆரம்பிச்சிருச்சு. வண்டி நல்லாருக்குல்ல?" "நல்லாருக்கு நல்லாருக்கு, பிரச்சினை ஒண்ணும் இல்ல" என்று வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. சொல்லி முடித்த நொடியில் தன் வாய்க்குள் ஒரு வெள்ளை முள் நடுவில் கைகட்டி நிற்பது பொன்னுரங்கத்துக்குத் தெரிந்தது. தெய்வானை பானெட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "இல்ல, இருப்பா தம்பி. பொய் சொல்லிட்டேன். தண்ணி பூரா கொட்டிருச்சு, ரோட்டோரமா நிக்கறேன். ஆற வச்சு எடுத்துப் பாக்கறேன், எந்திரிச்சா வர்றேன். எதுக்கும் ஜீப்ப எறக்கிவிடு, எதிர்க்க வரட்டும்." "இதுக்கென்ன தோழர், இப்பவே அனுப்பறேன்." அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. ஜீப் என்ற சொல் வாயிலிருந்து போனதும் மார்பில் ஏதோ ஒரு கவ்வி தளர்ந்த மாதிரிகூட இருந்தது.

பாறைச் சுவரில் நீர் கசிந்து வழிகிற இடம் பக்கத்திலேயே இருந்தது. தெய்வானை கச்சாயத்தை முந்தானையில் கொட்டிக்கொண்டு போசியைக் கொடுத்தாள், பாட்டிலும் போசியுமாக ஏந்தினார்கள். கவ்வியை இந்தத் தடவை திருப்புளி போட்டு முறுக்கினார். ஆறியபிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, மாட்டுக்கு மருந்து புகட்டுவதுபோல் ஊற்றினார், குபுக் குபுக்கென்று வாங்கிக்கொண்டது. சாவி. ஒருதரம் இழுத்தது, எழும்பவில்லை. இன்னொருதரம். எழும்பியது, இருமல் போல் இரண்டு உதறு உதறி, பிறகு சீராக. புகையில் வெள்ளை இல்லை. வெள்ளை இல்லை, ஹெட் பிழைத்தது, நேரத்தில் அணைத்திருக்கிறோம், சில்லென்று வருது என்று அவள் சொன்ன அந்த நேரத்தில். "ஏம்புள்ள, காலைக் கீழ வையி." "எதுக்கு?" "ஹீட்டருக்கு நேரா வையி. சுடுதா?" அவள் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதத்தையும் நீட்டி, கொஞ்சம் பொறுத்து, "இப்பத்தான் வெதுவெதுங்குது... ம், சுடுதுங்க," என்றாள். சுடுது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு இனிமையான சொல்லைக் கேட்டதில்லை. சுடுகிறது என்றால் தண்ணீர் ஓடுகிறது. முதல் கியர், இரண்டாவது. முள்ளும் அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது, ஏறட்டும், அதையும் கேட்போம், ஆனால் அதை மட்டும் கேட்க மாட்டோம். ஒவ்வொரு வளைவிலும் கேட்டார், சுடுதா, சுடுதுங்க, சுடுதா, சுடுது. மேடையில் என்ன பேச வேண்டும் என்று முன்பு இருந்ததெல்லாம் கலைந்து போய்விட்டது, தோழர்களே என் வண்டியில் ஒரு முள் இருந்தது, அது வரைக்கும் சரி, அதற்குப் பிறகு புதிதாகச் சொல்ல வேண்டும், அது எங்கே நிற்கிறது என்று கேட்க வேண்டும், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்க வேண்டும், மேடையில் நிற்கிற நான் எதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறேன் என்றும் எவனாவது ஒரு பயல் எழுந்து கேட்க வேண்டும், கேட்டால் என்ன சொல்வது, கேட்கட்டும், கேட்டால் நல்லது. மேலே இரண்டு வளைவு தாண்டி மரங்களுக்கு இடையில் ஒரு ஜீப்பின் விளக்கு தெரிந்து மறைந்தது. "சுடுதா?" "நீங்க ரோட்டப் பாருங்க, சாமி. சுடலைன்னா நானே சொல்றேன்."